கண்ணாடி வீட்டில் பிறந்த பன்னீர் திராட்சை

நிபோங் திபாலில் திராட்சைக் கொடி நன்றாகவே வளரும். தாமான் வீடுகளின் வேலியோரத்திலும் பின்கட்டிலும் பழைய பெயின்ட் வாளியில் நட்டுப் பார்த்தவர்கள் உண்டு. சில மாதத்திலேயே கம்பியைப் பிடித்துக் கூரை ஏறிவிடும். இலைக்குப் பஞ்சம் இருக்காது, பழத்தைத்தான் பார்க்க முடியாது. அபூர்வமாக ஒரு கொத்து தொங்கினாலும் அடுத்த வாரத்து மழையில் கருத்து, பூஞ்சணம் பிடித்து உதிர்ந்துவிடும். பாசாரில் நாம் வாங்குவதெல்லாம் ஆஸ்திரேலியா, சிலி போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்த பழம். ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்தியாவின் நாசிக்கிலிருந்து விதையில்லாப் பச்சைத் திராட்சையும் வரும்.

இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் திராட்சை ஏன் காய்க்கவில்லை என்று கேட்பார்கள். வெயிலோடு மழையும் சேர்ந்தே வருவதுதான் சிக்கல். பினாங்குப் பக்கம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஜனவரியும் பிப்ரவரியும் கொஞ்சம் காய்ந்தாற்போல் இருக்கும், அவ்வளவுதான். பகலில் 31, 32 டிகிரி, இரவில் 24 டிகிரி என்று வருடம் முழுக்க ஒரே சூடு. இந்தப் பருவநிலை திராட்சை மதுவுக்குப் பதிலாக வேறொரு மதுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. ஊருக்குப் பேர் கொடுத்த நிபோங்கே ஒரு பனைவகை. கிரியான் ஆற்றின் சேற்றுக் கரையில் நீப்பா நிற்கிறது, கம்பங்களில் தென்னை நிற்கிறது. பாளையைச் சீவினால் காலையும் மாலையும் நீர் சொட்டும். அறுவடைக் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. சொட்டத் தொடங்கிய நிமிடத்திலிருந்தே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். காலையில் இறக்கியது மாலைக்குள் கள், மறுநாள் காடிக்குப் பாதி வழி. இதைப் பீப்பாயில் வைத்து வருடக்கணக்கில் முதிரவிடலாம் என்ற எண்ணமே இந்தச் சூட்டில் தோன்றாது. தோட்டத்துக் கள்ளுக்கடை நம் ஆட்களுக்குச் செய்த கேடு வேறு கதை. 1947இல் கெடாவில் தோட்டத் தமிழரின் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன்னால் மறியல் செய்ததை மறந்துவிட்டு இங்கே கள்ளைப் பற்றி ரசித்து எழுத முடியாது.

நான் சொல்ல வந்தது இங்கே விளையாத பழத்தைப் பற்றி. தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் பன்னீர் திராட்சையைச் சாப்பிட்டிருப்பார்கள். தள்ளுவண்டியில் குவித்திருக்கும், கருநீலமாக இருக்கும், மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு மெழுகுப் படலம். தோல் மெல்லியது, உள்ளே விதை உண்டு. வாயில் போட்டு நசுக்கினால் ரோஜா வாசம் எழும். அது வெறும் பிரமையல்ல. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால், லினலூல் போன்ற வாசப் பொருள்கள் இந்தப் பழத்தின் தோலிலும் சதையிலும் இருக்கின்றன. பெங்களூர்ப் பக்கம் இதைக் குலாபி என்பார்கள். தாவர நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இந்தப் பழத்துக்கு 2023இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ என்று புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தனை சொந்தம் கொண்டாடப்படும் பழம் பிறந்தது கம்பத்தில் அல்ல. ஹாம்பர்க் நகரத்திலும் அல்ல. இங்கிலாந்தில், ஒரு பிரபுவின் கண்ணாடி வீட்டில்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேசையில் திராட்சை இருப்பது பணக்கார வீட்டுக்கு அழகு. வெளியில் விட்டால் அந்த நாட்டுக் குளிரில் நல்ல பழம் தேறாது. அதனால் கண்ணாடிக் கூரை போட்டு, கொதிகலனில் நிலக்கரி எரித்து, சுடுநீரைக் குழாயில் ஓடவிட்டு, உள்ளே மத்தியதரைக் கடலோர வெயிலைச் செயற்கையாகச் செய்தார்கள். கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் நீங்கியதும் இந்த வீடுகள் பெருகின. பிரபுக்களின் தலைமைத் தோட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் போட்டி போட்டுக்கொண்டு புது ரகங்களை உருவாக்கினார்கள்.

அவர்களிடம் முக்கியமாக இரண்டு திராட்சைகள் இருந்தன. ஒன்று பிளாக் ஹாம்பர்க். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட கொடி இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது, அந்த இனம்தான். கறுப்பு, பெரிய பழம், பிடிவாதம் இல்லாமல் பழுக்கும். ஆனால் வாசம் கிடையாது. இன்னொன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. மத்தியதரைக் கடல் நாடுகளின் பழைய ரகம், வாசம் தூக்கும். ஆனால் அதிகச் சூடு கேட்கும். சூட்டை நிலக்கரியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய நாட்டில் அது செலவு பிடித்த பழம். பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற இடத்தில் டி கிரே பிரபுவிடம் தோட்டக்காரராக இருந்த சீவர்ட் ஸ்னோ 1850 வாக்கில் இந்த இரண்டையும் கலந்தார். பிறந்தது கறுப்பு நிறமும் மஸ்கட் வாசமும் கொண்ட ஒரு கன்று. தாய் தந்தை யார் என்பதைப் பிற்காலத்து மரபணுச் சோதனைகளும் உறுதி செய்திருக்கின்றன.

அதே காலத்தில் இங்கே, செபராங் பிறையின் இந்தத் தென்கோடியில், ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்துக்காரர்களும் காட்டை வெட்டிக் கரும்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் ஆட்களைக் கப்பலேற்றியதும் அந்தக் கரும்புக்காகத்தான். ஒரு பக்கம் வெயிலைக் கண்ணாடிக்குள் அடைத்தவர்கள், மறுபக்கம் வெயில் இருக்கும் ஊருக்கே போய் உட்கார்ந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. மூன்றுமே மழையை விரும்புகிற பயிர்கள். திராட்சையை இங்கே தோட்டமாகப் போடும் யோசனை எந்தத் துரைக்கும் வந்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு அந்த அளவு விவசாயம் தெரிந்திருந்தது.

கம்பத்துக்கு இந்தக் கொடி எப்படி வந்தது? புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாச் செய்திகளிலும் ஒரே கதை வந்தது: 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார். பூசைக்கு ஒயின் வேண்டும், திருச்சபை விதிப்படி அது திராட்சையிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். ஆகையால் பாதிரியார் கொடியோடு வந்தார் என்பதில் நியாயம் இருக்கிறது. பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களும் இருக்கின்றன. ஆனால் தேதி உதைக்கிறது. 1850 வாக்கில் பிறந்த ரகம் 1832இல் கம்பத்தில் இறங்கியிருக்க முடியாது. மதுரைப் பகுதியில் பிரெஞ்சு இயேசு சபையார் வந்து பொறுப்பேற்றதே 1830களின் கடைசியில்தான். ஆக, அந்தப் பாதிரியார் வேறொரு திராட்சையைக் கொண்டுவந்து, பின்னாளில் மஸ்கட் ஹாம்பர்க் அதன் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாதிரியாரே ஒரு தலைமுறை பிந்தி வந்திருக்க வேண்டும். பாதிரியாரைக் கதையிலிருந்து தள்ளச் சொல்லவில்லை, ஆண்டைத்தான் தளர்த்த வேண்டும் என்கிறேன். ஊர்ப்பெருமைக்கு இதனால் ஒரு குறைவும் வராது. யார் கொண்டுவந்தார் என்பதைவிட, வந்த கொடி ஏன் அங்கே தங்கியது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கை வரைபடத்தில் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மேற்கே ஏலமலை, கிழக்கே வருசநாட்டு மலை, நடுவில் கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் அளவில் ஒரு நீண்ட தாழ்வாரம். ஜூன் மாதம் அரபிக்கடலிலிருந்து வரும் மேகம் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்குவது காற்றும் கொஞ்சம் சாரலும்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பரில் வந்து போகும். மொத்த மழையைக் கூட்டினால் நம் நிபோங் திபாலில் பெய்வதில் பாதிகூட வராது.

இதோடு முடிந்திருந்தால் அது வெறும் வறண்ட சீமை, சோளமும் கம்பும் விளையும். 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அதை மாற்றியது. மலைக்கு அப்பால் பெய்த மழை, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பள்ளத்தாக்குக்குள் வந்தது. ஆறு ஓடியது, வாய்க்கால் ஓடியது, கிணறுகள் ஊறின. பொங்கலுக்குப் பென்னிகுயிக்குக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கிற ஊர் அது. அவர்கள் நெல்லுக்காக நன்றி சொல்கிறார்கள், சரிதான். ஆனால் திராட்சைக்கு அந்த அணை செய்த உதவி இன்னும் நுட்பமானது. திராட்சைக்குத் தண்ணீர் வேண்டும், மழை வேண்டாம். வேர் நனைய வேண்டும், இலை நனையக் கூடாது. இலை ஈரமாகவே கிடந்தால் அடிச்சாம்பல் நோய் வரும், பழுக்கும் நேரத்தில் மழை விழுந்தால் மெல்லிய தோல் வெடித்துவிடும். மேகத்தை மலைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, அதன் தண்ணீரை மட்டும் தரைவழியாக அனுப்பி வைக்கும் ஓர் இடத்தை ஒரு திராட்சைக்காரன் வரைந்து கேட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகக் கிடைத்திருக்காது. ஆங்கிலப் பிரபு கண்ணாடிக் கூரை போட்டு வெளி வானிலையைத் தடுத்தார், உள்ளே கொடிக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தார். இங்கே மலையும் சுரங்கமும் அந்த வேலையைச் செய்கின்றன, நிலக்கரிச் செலவு இல்லாமல்.

குளிர்காலம் இல்லாததை என்ன செய்வது? ஐரோப்பாவில் இலையுதிர்ந்து, கொடி மரக்கட்டையாகத் தூங்கி, வசந்தத்தில் துளிர்க்கும்போது பூங்கொத்தோடு எழும். மது திராட்சைக்கு 30 முதல் 50 டிகிரி வரையிலான அட்சரேகைகள்தான் வீடு என்று பாடநூல்கள் சொல்வது அந்தத் தூக்கத்தை வைத்துத்தான். கம்பம் 10 டிகிரிக்கும் கீழே இருக்கிறது. அங்கே கொடி தானாகத் தூங்காது. அதனால் விவசாயி கத்தரிக்கோலால் குளிர்காலத்தை வரவழைக்கிறார். அதுதான் கவாத்து. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில், பழம் இறக்கிய கொடியைக் கொஞ்சம் காயவிட்டு, கிளைகளைக் கணு பார்த்து வெட்டி, மிச்ச இலையை உருவிவிட்டுத் தண்ணீர் கட்டினால் கொடி ஏமாந்துபோகும். வசந்தம் வந்துவிட்டதென்று துளிர்விட்டுப் பூக்கும். கவாத்திலிருந்து சுமார் 4 மாதத்தில் அறுவடை. டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதத்தில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். நெருக்கிச் செய்தால் இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல் எடுக்கிறார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று பள்ளத்தாக்கின் ஊர்களில் ஒரு தோட்டத்தில் பூ இருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்படியானால் நிபோங் திபாலிலும் கத்தரிக்கோல் இருக்கிறதே, கவாத்து செய்தால் காய்க்காதா? துளிர்க்கும். ஆனால் துளிரில் கொத்து இருக்குமா என்பது வெட்டிய நாளில் தீர்மானமாவதில்லை. அதற்குச் சில மாதம் முன்பே, கணுவுக்குள் மொட்டு உருவாகும்போதே முடிந்துபோன விஷயம் அது. மொட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு திரள் இருக்கிறது. அது பூங்கொத்தாகவும் ஆகலாம், கொடி பற்றிக்கொள்ளும் சுருள் கம்பியாகவும் ஆகலாம். அந்த வாரங்களில் அந்தக் கணு மீது நல்ல வெளிச்சமும் சூடும் பட்டால் கொத்து, வானம் மூடியே கிடந்தால் கம்பி. பின்கட்டுக் கொடி ஏன் இலையும் கம்பியுமாகவே கூரை ஏறுகிறது என்பதற்கு இதுதான் காரணம். பெர்லிஸ் வரை வடக்கே போனால் வறண்ட மாதங்கள் தெளிவாகத் தெரியும், அங்கே திராட்சை வளர்த்துப் பழமும் எடுத்திருக்கிறார்கள். நமக்கு அந்த இடைவெளி போதாது.

பழம் விளைந்துவிட்டால் அது எப்படிப்பட்ட மதுவாகும் என்பதையும் பருவநிலைதான் தீர்மானிக்கிறது. இதில் பகலைவிட இரவுக்குப் பங்கு அதிகம். பழத்தில் உள்ள மாலிக் அமிலத்தைக் கொடி சூடான நேரத்தில் எரித்துச் செலவழிக்கிறது. இரவும் சூடாக இருந்தால் அமிலம் சீக்கிரம் தீர்ந்து, இனிப்பு மட்டும் நிற்கும். குளிர்ந்த நாட்டு ஒயின் புளிப்பும் விறுவிறுப்பும் குறைந்த போதையுமாக இருப்பதும், வெயில் நாட்டு ஒயின் கனமும் போதையும் கூடியிருப்பதும் இந்தக் கணக்கில்தான். நாசிக்கில் திராட்சைக்காரர்கள் வருடத்தையே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஏப்ரலில் ஒரு கவாத்து, அது கிளைக்காக. அக்டோபரில் இன்னொன்று, அது பழத்துக்காக. பழம் முதிர்வது டிசம்பர், ஜனவரிக் குளிரில். இரவு 10 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது புளிப்பு தங்கிவிடும். அங்குள்ள சூலா நிறுவனம் 2000இல் வெளியிட்ட முதல் ஒயின்கள் சாவினியோன் பிளாங்க், செனின் பிளாங்க் என்று புளிப்பை நம்பும் வெள்ளை வகைகளாக இருந்தது தற்செயலல்ல.

கம்பத்துக்கு அந்தக் குளிர் இல்லை. தேனி மாவட்டத்தில் ஒயின் ஆலையும் வந்தது, பழரசத்துக்கும் பழம் போகிறது. ஆனாலும் பன்னீர் திராட்சை முதலில் வாயில் போட்டுத் தின்னும் பழம்தான், தள்ளுவண்டிக்குப் பிறந்தது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் பிரான்சைப் பார்க்க வேண்டும். வென்டூ மலையடிவாரத்தில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கைப் பயிரிடும் விவசாயிகள் 1997இல் தங்கள் பழத்துக்குப் பிறப்பிடப் பாதுகாப்பு வாங்கினார்கள், மேசைப் பழமாகத்தான், ஒயினாக அல்ல. ஒயினை வழிபடும் நாட்டிலேயே இந்தத் திராட்சையைத் தின்பதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். சீனாவில் மட்டும் கதை வேறாகப் போயிற்று. தியான்ஜினில் 1980இல் ரெமி மார்த்தான் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கூட்டோடு தொடங்கிய டைனஸ்டி ஆலை இந்தக் கறுப்புப் பழத்திலிருந்து வெள்ளை ஒயின் செய்தது. சதையில் நிறம் கிடையாது, தோலில்தான் நிறம். பிழிந்த உடனே தோலைப் பிரித்துவிட்டால் சாறு வெளுப்பாக நிற்கும், வாசமும் நிற்கும். சூடான நாட்டில் இந்தப் பழத்தை மதுவாக்க நினைப்பவர்களுக்கு இது நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. சிவப்பு ஒயின் செய்து போர்தோவோடு போட்டி போடப் பார்த்தால் நிறமும் போதாது, துவர்ப்பும் போதாது.

இந்தக் குடும்பம் நம் வட்டாரத்துக்கும் வந்திருக்கிறது. அல்ஃபோன்ஸ் லவாலே என்ற கறுப்புத் திராட்சையின் மரபணுவைப் பார்த்தபோது பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஹாம்பர்க் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளை பாலித் தீவின் வடக்குக் கரையில், எரிமலைகளின் மழை மறைவில் விளைகிறது. ஹாட்டன் நிறுவனம் 1994 முதல் அதில் ரோஸே ஒயின் செய்கிறது. லவாலேயின் பிள்ளை கார்டினல், கலிஃபோர்னியாவில் உருவாக்கியது. அது வியட்நாமின் நின் துவான் பகுதியில் வேர் பிடித்து, தலாத் என்ற ஒயினாகிறது. முன்பு அங்கே ஆண்ட சாம் அரசர்கள் பாண்டுரங்கம் என்று அழைத்த நாடு அது. மலை மறைத்து நிற்பதால் அந்நாட்டிலேயே மிகக் குறைவாக மழை பெறும் மூலை. மூன்று இடத்தையும் சேர்த்துப் பாருங்கள்: கம்பம், வட பாலி, பாண்டுரங்கம். வெப்பநாட்டுக்கு வந்த இந்தக் குடும்பம் ஒவ்வொரு முறையும் ஒரு மலையின் முதுகுப் பக்கத்தைத் தேடிப் போய்க் குடியேறியிருக்கிறது. நமக்கோ கிழக்கே தித்திவாங்சா இருந்தும் மேற்கே கடல் திறந்து கிடக்கிறது. சுமத்ராவை உரசி வரும் புயல்மழை விடியற்காலையில் நேரே கரையேறுகிறது.

கம்பம் பழம் இங்கே வராததற்கும் அந்த மெல்லிய தோலே காரணம். நாசிக் பச்சைத் திராட்சை குளிர்ப்பெட்டியில் வாரக்கணக்கில் கப்பலேறிக் கிடக்கும். பன்னீர் திராட்சை இரண்டு மூன்று நாளிலேயே காம்பிலிருந்து உதிரத் தொடங்கும், கசியும், ஈ மொய்க்கும். சாப்பிட வேண்டுமென்றால் நாம்தான் போக வேண்டும். மதுரையில் இறங்கித் தேனி வழியாகக் கம்பம் பேருந்து பிடிக்கலாம். அக்டோபர், நவம்பர் மழையில் போகாதீர்கள், கிடைக்கும் பழமும் வெடித்தும் சப்பென்றும் இருக்கும். ஏப்ரல், மே சரியான நேரம். சுருளி அருவிக்குப் போகும் சாலையோரத்துப் பந்தல்களில் தட்டோடு விற்பார்கள். உற்றுப் பார்த்து, மேலே மெழுகு சாம்பல் கலையாமல் இருப்பதை வாங்குங்கள். அது அதிகம் கைபடாதது.